வெளிப்புறச் சுத்திகரிப்புத் தொழிலுக்கு ட்ரெய்லர் கட்டுவது எப்படி? ஒன்ராறியோவில் தொடங்குவோருக்கான முழு வழிகாட்டி

வீட்டுச் சுவர், டிரைவ்வே, இன்டர்லொக் கல், டெக், வேலி ஆகியவற்றைக் கழுவிக் கொடுக்கும் தொழிலில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சும் மெஷினை (பிரஷர் வோஷர்) வாங்குகிறார்கள். பிறகு அது ஏறும் அளவுக்கு ஒரு ட்ரெய்லர், மிஞ்சிய இடத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கி. இந்த வரிசையில் போனால் ஒன்று தண்ணீர் போதாது, இல்லையென்றால் பாரம் தாங்காது. தண்ணீர்க் கணக்கில் தொடங்கினால் தாங்கியின் அளவு கிடைக்கும், தாங்கியிலிருந்து எடை, எடையிலிருந்து ட்ரெய்லர். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது. ரொறன்ரோ, மார்க்கம், பிரம்ப்டன், ஏஜக்ஸ் பக்கங்களில் வீட்டு வேலை செய்யும் ஒருவர் அல்லது இருவருக்கான அளவு இது.

தண்ணீர்க் கணக்கு

வாடிக்கையாளர் வீட்டு வெளிக்குழாயில் 20 லீற்றர் வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 80 விநாடி என்றால் நிமிடத்துக்கு 15 லீற்றர். பழைய வீடுகளில் இதைவிடக் குறையும். கையிலுள்ள மெஷின் 5.5 ஜிபிஎம் (நிமிடத்துக்கு 5.5 கலன்) என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 21 லீற்றர் குடிக்கும். 8 ஜிபிஎம் மெஷினுக்கு 30 லீற்றர் வேண்டும். குழாய் தருவதற்கும் மெஷின் கேட்பதற்கும் உள்ள இடைவெளியைத் தாங்கிதான் நிரப்ப வேண்டும்.

15 லீற்றர் தரும் குழாயில் 8 ஜிபிஎம் மெஷினை ஓட்டினால் தாங்கி நிமிடத்துக்கு 15 லீற்றர் குறையும். 500 லீற்றர் தாங்கி 33 நிமிடத்தில் காலி. அந்த 33 நிமிடமும் ட்ரிகரை அழுத்திப் பிடித்திருக்கும் நேரம் மட்டும்தான். ஹோஸ் இழுப்பது, ஏணி நகர்த்துவது, கறை நீக்கும் மருந்து ஊற விடுவது எல்லாவற்றிலும் குழாய் தாங்கியை நிரப்பிக்கொண்டே இருக்கும். 5.5 ஜிபிஎம் மெஷினானால் குறைவது நிமிடத்துக்கு 6 லீற்றர்தான், எண்பது நிமிடத்துக்கு மேல் வரும். வீட்டு வேலைக்கு 500 லீற்றர் தாராளம். குழாயே இல்லாத பிளாஸா, வாகனத் தரிப்பிடம் போன்ற இடங்களை எடுப்பவர்களுக்குத்தான் 1,000 லீற்றர் தேவை.

தாங்கி வாங்கும்போது கலன் கணக்கில் கவனம். அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர், இம்பீரியல் கலன் 4.546 லீற்றர். கனடாவில் இரண்டு அளவிலும் தாங்கிகள் விற்பனைக்கு வருகின்றன. எது என்று கேட்காமல் வாங்கினால் எடைக் கணக்கு ஐந்தில் ஒரு பங்கு பிசகும். மெஷின்களின் ஜிபிஎம் அமெரிக்கக் கலன்தான்.

எடை

தண்ணீர் லீற்றருக்கு ஒரு கிலோ. 6 அடிக்கு 12 அடி திறந்த ட்ரெய்லர், இரட்டை அச்சு, ஒவ்வொரு அச்சும் 3,500 இறாத்தல் என்று வைத்துக்கொள்வோம். வெறும் ட்ரெய்லர் 650 கிலோ, நிறைந்த தாங்கி 535, மெஷின் 120, மருந்து 120, ரீல்களும் ஹோஸ்களும் 100, கருவிகள் 100. மொத்தம் 1,625 கிலோ. இந்த ட்ரெய்லரின் உச்ச வரம்பு 7,000 இறாத்தல், அதாவது 3,175 கிலோ. பாதிதான் ஏறியிருக்கிறது. வரம்பு வரை ஏற்றலாமே என்று தோன்றும். வேண்டாம். டயர், பேரிங், பிரேக் மூன்றுக்கும் ஆயுள் இந்த மிச்சத்தில்தான் இருக்கிறது.

ஒற்றை அச்சு மலிவுதான். ஆனால் நெடுஞ்சாலையில் ஒரு டயர் வெடித்தால் அரைத் தொன் தண்ணீர் ஒரு பக்கம் சாயும். இரட்டை அச்சுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண் அல்ல.

ஒன்ராறியோவில் எடையை ஒட்டி மூன்று எண்களை மனத்தில் வையுங்கள். ட்ரெய்லரின் மொத்த எடை 1,360 கிலோவை எட்டினால் அதற்குச் சொந்த பிரேக் கட்டாயம். மேலே சொன்ன ட்ரெய்லர் தண்ணீர் நிறைந்தால் அந்த எண்ணைத் தாண்டுகிறது. அதனால் மின் பிரேக், ஏழு முனை இணைப்பு, ட்ரக்கில் பிரேக் கன்ட்ரோலர் மூன்றும் தேவை. இரண்டாவது, சாதாரணக் கார் ஓட்டும் ஜி உரிமத்தில் 4,600 கிலோ வரையான ட்ரெய்லரை இழுக்கலாம். அதில் பிரச்சினை இல்லை. மூன்றாவதுதான் பலரும் தவறவிடுவது. தொழிலுக்கு ஓடும் ட்ரக்கும் ட்ரெய்லரும் சுமையோடு சேர்ந்து 4,500 கிலோவைத் தாண்டினால் சிவிஓஆர் சான்றிதழ் (வணிக வாகனம் இயக்குவோருக்கான பதிவு), ஆண்டுப் பரிசோதனை, தினசரிப் பரிசோதனைப் பதிவு எல்லாம் வரும். 2,400 கிலோ பிக்கப்போடு 1,625 சேர்ந்தால் 4,025. அதே ட்ரெய்லரில் 1,000 லீற்றர் தாங்கியை ஏற்றினால், ஆட்களையும் பெற்றோலையும் சேர்க்காமலே 4,500ஐத் தாண்டிவிடும். 500 லீற்றருக்கு நாங்கள் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம். கட்டி முடித்ததும் பழைய இரும்பு வாங்கும் இடத்தின் எடைத்தட்டில் ஒருமுறை ஏற்றி உண்மை எடையைப் பாருங்கள்.

எதை எங்கே வைப்பது

கொக்கியில் இறங்கும் பாரம் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். கூடினால் ட்ரக்கின் முன்சக்கரம் இலேசாகி ஸ்டீயரிங் பிடி தளரும். மற்றச் சாமான்கள் ஏற்றியபடி இருக்கும், தண்ணீர் மட்டும் நாளுக்கு நாலு தடவை ஏறி இறங்கும். ஆகவே தாங்கி நிறைந்தாலும் காலியானாலும் இந்த வரம்புக்குள் நிற்க வேண்டும்.

மேலே போட்ட எடைகளையே எடுத்துக்கொள்வோம். அச்சின் நடுவிலிருந்து கொக்கி 3.2 மீற்றர் தள்ளி இருக்கிறது. வெறும் ட்ரெய்லர் கொக்கியில் 80 கிலோ இறக்குகிறது. தாங்கியின் மையம் அச்சுக்கு 15 சென்ரிமீற்றர் முன்னே, மெஷின் 1.2 மீற்றர் முன்னே, கருவிப்பெட்டி 1 மீற்றர் முன்னே, மருந்து 80 சென்ரிமீற்றர் முன்னே, ரீல்கள் 1.5 மீற்றர் பின்னே. கணக்குப் போட்டால் தாங்கி நிறைந்திருக்கும்போது கொக்கியில் 164 கிலோ, பத்து சதவீதம். காலியானால் 141 கிலோ, பன்னிரண்டரை சதவீதம். இரண்டுமே சரி.

இப்போது தாங்கியை மட்டும் 1.2 மீற்றர் முன்னே தள்ளிப் பாருங்கள். நிறைந்ததும் கொக்கியில் 340 கிலோ, 21 சதவீதம். அதையே அச்சுக்கு ஒரு மீற்றர் பின்னே வைத்தால் கணக்கு சுழியத்துக்குக் கீழே போகிறது. அதாவது ட்ரெய்லர் ட்ரக்கின் பின்பக்கத்தைத் தூக்கும். தாங்கியின் மையம் அச்சின் மேல், அல்லது ஒரு சாண் முன்னே. இதற்கு மாற்று இல்லை.

கொக்கிப் பாரத்தை வீட்டுத் தராசிலேயே அளக்கலாம். உறுதியான பலகை ஒன்றின் ஒரு முனைக்கு அடியில் செங்கல், மறுமுனைக்கு அடியில் குளியலறைத் தராசு. இரண்டுக்கும் இடையே நான்கு அடி. பலகையை மட்டம் பார்த்து, தராசைச் சுழியத்தில் வைத்து, கொக்கியின் ஜாக்கைச் செங்கல்லிலிருந்து ஓர் அடி தள்ளிப் பலகையில் இறக்குங்கள். தராசு காட்டும் எண்ணை நான்கால் பெருக்கினால் உண்மைப் பாரம். சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, ட்ரெய்லரை மட்டமாக நிறுத்திய பிறகே இதைச் செய்யுங்கள்.

தாங்கியைப் பொருத்துதல்

தட்டையான, கால் வைத்த கிடைத் தாங்கி நல்லது. கூண்டுக்குள் இருக்கும் 1,000 லீற்றர் பழைய சதுரத் தாங்கி மலிவாகக் கிடைக்கும். ஆனால் உயரம் ஒரு மீற்றருக்கு மேல், வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் அடிக்கும். வெளிச்சம் ஊடுருவுவதால் ஜூலையில் பாசியும் பிடிக்கும். அந்தப் பாசி வடிகட்டியில் பச்சைச் சளி போல ஒட்டி, மெஷினுக்குத் தண்ணீரை நிறுத்தும். அதைத்தான் வாங்குவது என்றால் கறுப்பு உறை போட்டு மூடுங்கள். அதில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் தொடவே வேண்டாம்.

திடீரென பிரேக் போட்டால் சுமை தன் எடையின் 0.8 மடங்கு விசையோடு முன்னே பாயும். வட அமெரிக்கச் சுமைக்கட்டு விதியும் முன்பக்கத்துக்கு அந்த 0.8 மடங்கைத் தாங்கத்தான் கேட்கிறது. 535 கிலோ தாங்கி என்றால் 430 கிலோ போல. பலகைத் தரையில் நாலு மர ஆணி, மேலே ஒரு ராட்செட் பட்டி என்றால் தாங்காது. தாங்கிக்கென்று வரும் இரும்பு வளையங்களை, ட்ரெய்லரின் சட்டத்தைத் துளைத்து, அரை அங்குல போல்ட் போட்டு இறுக்குங்கள். தாங்கிக்கு முன்னால் ஓர் இரும்புக் கோணக்கட்டை சட்டத்தோடு வெல்ட் செய்யப்பட வேண்டும். அரைத்தாங்கித் தண்ணீர்தான் அதிகம் அலையடிக்கும். உள்ளே தடுப்பு உள்ள தாங்கி கிடைத்தால் விடாதீர்கள்.

தண்ணீர் வழி

குழாயிலிருந்து மெஷின் வரை வரிசை இது:

1. முக்கால் அங்குலத் தோட்ட ஹோஸ், 30 மீற்றர், தனி ரீலில்.
2. தாங்கியின் மேல்வாயில் மிதவை வால்வு. தாங்கி நிறைந்ததும் தானே அடைக்கும்.
3. தாங்கியின் அடியில் ஒன்றேகால் அங்குல வாய், அதை ஒட்டி ஒரு பந்து வால்வு.
4. கண்ணாடிக் கிண்ண வடிகட்டி, கைக்கு எட்டும் இடத்தில்.
5. உள்ளே கம்பிச் சுருள் உள்ள ஒரு அங்குல உறிஞ்சு ஹோஸ், முடிந்தவரை குட்டையாக.
6. பம்ப்.

மிதவை வால்வின் வாய், தாங்கியின் நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேலே இரண்டு விரற்கடையாவது உயரத்தில் தொங்க வேண்டும். அந்தக் காற்று இடைவெளி இருந்தால் நகரக் குழாயில் அழுத்தம் விழுந்தாலும் உங்கள் தண்ணீர் திரும்பி வீட்டுக் குழாய்க்குள் போகாது. ஹோஸை நேரே தாங்கிக்குள் அமிழ்த்திவிடுவது சுலபம்தான், ஆனால் ஒருவர் குடிக்கும் தண்ணீரோடு விளையாடுவது அது. குளோரின் மருந்தை இந்தத் தாங்கியில் எக்காரணம் கொண்டும் ஊற்றாதீர்கள்.

உறிஞ்சு ஹோஸ் ஒல்லியாக இருந்தாலோ வளைந்து நெளிந்து போனாலோ பம்புக்குள் வெற்றிடம் உண்டாகி, கூழாங்கல் உருள்வது போன்ற சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு ஓட்டினால் பம்பின் வால்வுகளும் சீல்களும் அரித்துப் போகும்.

பைபாஸ் ஹோஸ் இன்னொரு முக்கியமான இடம். ட்ரிகரை விட்டதும் அன்லோடர் வால்வு தண்ணீரைத் திருப்பி அனுப்பும். பல மெஷின்களில் அது பம்பின் வாய்க்கே திரும்பிவிடும். அதே கொஞ்சத் தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓரிரு நிமிடத்தில் சூடேறி, 60 பாகை செல்சியஸ் அளவில் வெப்ப வால்வு திறந்து சிந்தும். பைபாஸைத் தாங்கிக்குத் திருப்புங்கள். அதுவும் உறிஞ்சும் வாய்க்கு எதிர் மூலையில் விழும்படி. அருகே விழுந்தால் அதன் குமிழிகளைப் பம்ப் உறிஞ்சி, அழுத்தம் தள்ளாடும்.

மெஷின்

தேவையான குதிரைவலுவுக்கு ஒரு தோராயக் கணக்கு: ஜிபிஎம்மைப் பிஎஸ்ஐயால் (தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும் அலகு) பெருக்கி 1,100ஆல் வகுக்க வேண்டும். 5.5 ஜிபிஎம், 2,500 பிஎஸ்ஐ என்றால் 12.5 குதிரைவலு. 8 ஜிபிஎம், 3,500 பிஎஸ்ஐ என்றால் 25. பெட்டியில் பெரிதாக அச்சிட்ட பிஎஸ்ஐயைப் பார்த்து மயங்க வேண்டாம். சுத்தம் செய்யும் வேகத்தைத் தருவது தண்ணீரின் அளவு. வீட்டுச் சுவரில் 3,000 பிஎஸ்ஐயை அடித்தால் வினைல் சைடிங்குக்கு உள்ளே தண்ணீர் ஏறும், இன்டர்லொக் இடுக்கிலுள்ள பொலிமெரிக் மணல் பறக்கும்.

எஞ்ஜினோடு நேரே பொருத்திய பம்ப் 3,400 சுற்றில் ஓடும். பெல்ட் அல்லது கியர் வழியாக ஓடும் பம்ப் அதில் பாதிச் சுற்றில்தான் ஓடும். சூடு குறைவு, ஆயுள் அதிகம், தாங்கியிலிருந்து உறிஞ்சுவதும் இதற்கு இலகு. ட்ரெய்லரில் வைப்பது என்று முடிவானால் பெல்ட் அல்லது கியர்தான்.

தண்ணீர் பீய்ச்சும் முனையின் (நொசில்) எண்ணைக் கணக்குப் போட்டு வாங்குங்கள்: 4,000ஐ உங்கள் பிஎஸ்ஐயால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, ஜிபிஎம்மால் பெருக்க வேண்டும். 5.5 ஜிபிஎம், 2,500 பிஎஸ்ஐக்கு 7ஆம் எண் முனை. 8 ஜிபிஎம், 3,500க்கு 8.5. தரை கழுவும் வட்டக் கருவியில் இரண்டு முனைகள் இருந்தால் எண்ணை இரண்டாகப் பிரிக்க வேண்டும், 7 என்றால் தலா 3.5. கடையில் கருவியோடு வரும் முனைகள் பெரும்பாலும் சிறிய மெஷினுக்கானவை. அப்படியே ஓட்டினால் அன்லோடர் இடைவிடாமல் திறந்து மூடி, வட்டக் கருவி நடுங்கும். மெஷின் கெட்டுவிட்டது என்று பட்டறைக்குக் கொண்டு போகிறவர்களும் உண்டு.

அன்லோடரைச் சரிசெய்யும் முறை: திருகை முழுவதும் தளர்த்தி, ட்ரிகரை அழுத்தியபடி, அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டு மெதுவாக இறுக்குங்கள். முள் ஏறுவது நின்றதும் கால் சுற்றுத் திரும்ப விடுங்கள். அதற்கு மேல் இறுக்கினால் ட்ரிகரை விடும் ஒவ்வொரு முறையும் ஹோஸில் ஓர் அடி விழும்.

மருந்துப் பக்கம்

பாசியையும் கறுப்புக் கறையையும் கொல்வது 12 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட், நீச்சல் குளத்துக்கு விற்கும் அதே திரவம். சுவருக்கு 1 சதவீதம் போதும். 60 லீற்றர் கலவைக்கு மருந்து 5 லீற்றர், தண்ணீர் 55, நுரைத் திரவம் 100 மில்லிலீற்றர். கூரைக்கு 3 சதவீதம் தேவைப்பட்டால் மருந்து 15 லீற்றர். முதலில் தண்ணீர், பிறகு மருந்து, நுரைத் திரவம் கடைசியில். செடிகளை முன்னும் பின்னும் நனையுங்கள்.

200 லீற்றர் டிரம்மாக வாங்கினால் விலை குறையும், ஆனால் டிரம் ஒன்றே 240 கிலோ. வெயிலிலும் சூட்டிலும் மருந்தின் வலு வாரத்துக்கு வாரம் இறங்கும். ஆகஸ்டில் ட்ரெய்லரில் கிடந்த மருந்தை 12 சதவீதம் என்று நம்பிக் கலந்தால் கறை போகாது. இது அரிக்கும் பொருள் வகை 8, ஐநா எண் 1791 என்பதால் ஆபத்தான பொருட்கள் ஏற்றிச்செல்லும் விதியும் உண்டு. சில்லறைக் கொள்கலன்கள், ஒவ்வொன்றும் 30 கிலோவுக்குள், மொத்தம் 150 கிலோவுக்குள் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான ஆவணச் சிக்கலிலிருந்து விலக்கு. 20 லீற்றர் கான் ஏறத்தாழ 24 கிலோ. நாலைந்து கான் ஏற்றி, வேலையிடத்தில் கலந்து, வாரம் ஒருமுறை புதிதாக வாங்குவதுதான் புத்தி.

கானின் மூடி காற்றுப் போகும் வகையாக இருக்கட்டும். மருந்து தானாகவே வாயு விடும். துருக்கறைக்குப் பாவிக்கும் ஒக்ஸாலிக் அமிலம், சிமெந்து உப்புக்குப் பாவிக்கும் மூரியாட்டிக் அமிலம் ட்ரெய்லரின் மறுகோடியில், தனித் தொட்டியில் இருக்க வேண்டும். இரண்டில் எது கசிந்து குளோரினோடு சேர்ந்தாலும் வருவது நச்சு வாயு. மூடிய ட்ரெய்லரில் இந்த ஆபத்து இரட்டிப்பு. குளோரின் ஆவி பூட்டு, மின்கம்பி, ரீல் என்று ஒன்றையும் மிச்சம் வைக்காது. உள்ளே எஞ்ஜினை ஓட்டினால் கார்பன் மொனொக்சைட்டும் சேரும். களவுப் பயம் இருந்தாலும் முதல் ட்ரெய்லர் திறந்ததாக இருப்பதே மேல். பூட்டுப் பெட்டி ஒன்றும், கொக்கிப் பூட்டு ஒன்றும் போட்டுக்கொள்ளலாம்.

மருந்து அடிக்கத் தனி 12 வோல்ட் பம்ப், உள்சீல் வைட்டன் ரப்பராக இருப்பது. இணைப்புகள் பித்தளை வேண்டாம், பொலிப்புரொப்பிலீன் போடுங்கள். பித்தளை ஒரே பருவத்தில் பச்சை பூத்து உதிரும். வேலை முடிந்ததும் ஐந்து நிமிடம் வெறும் தண்ணீர் ஓட வேண்டும்.

மின்சாரம்

அந்தப் பம்ப் 18 ஆம்பியர் வரை இழுக்கும். 100 ஆம்பியர்-மணி ஆழ்சுழற்சிப் பற்றரி ஒன்று, மருந்துக்கு எதிர்ப்பக்கம், மூடிய பெட்டியில். 30 ஆம்பியர் பியூஸ் பற்றரியிலிருந்து ஒரு சாணுக்குள். பம்ப் நாலு மீற்றர் தள்ளி இருந்தால் 14 கேஜ் கம்பியில் ஒரு வோல்ட்டுக்கு மேல் தொலையும், பம்ப் முக்கும். 8 கேஜ், ஈயம் பூசிய கம்பி போடுங்கள்.

ரீல்கள்

உயர் அழுத்த ஹோஸ் முக்கால் பங்கு வேலைக்கு 60 மீற்றர் போதும், எட்டில் மூன்று அங்குல விட்டம். கால் அங்குல ஹோஸில் அழுத்தம் பாதி வழியிலேயே செத்துவிடும். ரீல்களை ட்ரெய்லரின் பின்மூலைகளில், இடுப்பு உயரத்தில், வாய் வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள். ஹோஸ் எந்த விளிம்பிலும் உரசக்கூடாது. ஒரு நாளில் பத்துத் தடவை இழுத்துச் சுற்றப்போவது இதைத்தான்.

முதல் ஓட்டம்

எஞ்ஜின் ஓடாமலே தாங்கியை நிரப்பி, அரை மணி நேரம் விட்டு, கீழே உலர்ந்த அட்டை விரித்துக் கசிவு பாருங்கள். பிறகு மெஷினை ஓட்டி வடிகட்டிக் கிண்ணத்தைக் கவனியுங்கள். தண்ணீர் தெளிவாக நின்றால் சரி. பால் போல நுரைத்தால் உறிஞ்சும் பக்கம் எங்கோ காற்று ஏறுகிறது. அங்கே தண்ணீர் வெளியே சொட்ட வேண்டும் என்றில்லை. ஓடும்போது அது உள்ளேதான் இழுக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் சவர நுரை பூசுங்கள். எந்த இணைப்பில் நுரை உள்ளே குழிகிறதோ அதைக் கழற்றி, டேப் சுற்றி மீண்டும் இறுக்குங்கள். முதல் 80 கிலோமீற்றர் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள், வளைய போல்ட்டுகளையும் சேர்த்து.

கழிவுநீரையும் முதல் நாளிலேயே யோசிக்க வேண்டும். தெருவோர மழைநீர் வடிகால் பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, ஓடை வழியாக ஒன்ராறியோ ஏரிக்கே போகிறது. ரொறன்ரோவின் கழிவுநீர்ச் சட்டம், நகராட்சிச் சட்டத் தொகுப்பின் 681ஆம் அத்தியாயம், அதற்குள் மருந்துத் தண்ணீர் விடுவதைத் தடுக்கிறது. ஒரு ரப்பர் மூடுபாயும் நாலு மணல் மூட்டையும் ட்ரெய்லரில் நிரந்தரமாக இருக்கட்டும். தண்ணீரைப் புல்தரைக்குத் திருப்பலாம்.

உறைபனிக் காலம்

ஒக்டோபர் நடுவிலிருந்து இரவு சுழியத்துக்குக் கீழே இறங்கலாம். பம்புக்குள் ஒரு கோப்பைத் தண்ணீர் உறைந்தாலே வார்ப்பு வெடிக்கும். அது வசந்தத்தில் முதல் ஓட்டத்தில்தான் தெரியவரும். தாங்கி, வடிகட்டி, மருந்துப் பம்ப் அனைத்தையும் வடித்துவிடுங்கள். பிறகு உறிஞ்சு ஹோஸை ஒரு வாளி இளஞ்சிவப்பு ஆர்வி உறைதடுப்புத் திரவத்தில் வைத்து மெஷினை ஓட்டி, துப்பாக்கியில் இளஞ்சிவப்பு வரும் வரை அழுத்துங்கள். இடையில் மூன்று நான்கு முறை ட்ரிகரை விட்டு, அன்லோடருக்கும் பைபாஸுக்கும் அது போகவிட வேண்டும். பைபாஸ் முனையும் அதே வாளிக்குள் இருந்தால் திரவம் வீணாகாது. மருந்துப் பம்புக்கும் இதையே செய்யலாம், ஆனால் அதற்குமுன் குளோரின் முழுவதும் கழுவப்பட்டிருக்க வேண்டும். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள், சார்ஜரில். பந்து வால்வுகளை முழுவதும் மூடவோ திறக்கவோ வேண்டாம். பாதி திறந்த நிலையில் விடுங்கள். மூடிய பந்தின் துளைக்குள் தங்கும் தண்ணீர்தான் வால்வைப் பிளக்கும்.